சர்வர் அணைந்த பிறகு: இணைய விளையாட்டு குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இணைய விளையாட்டுகளையும் அவற்றைச் சுற்றி வளர்ந்துள்ள பழக்கவழக்கங்களையும் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு இணைய இணைப்பு 300 மெகாபிட் வேகம் கொண்டது. திரைப்படங்கள் தடையின்றி ஓடுகின்றன. ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இறங்கினால், சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிறகும் சுடப்பட்டு இறந்துபோகிறேன். எதிராளி ஏமாற்றுகிறாரா, இணைப்பில் கோளாறா? (கல்லூரி மாணவர்)

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. நீங்கள் குறிப்பிடும் 300 மெகாபிட் என்பது குழாயின் அகலம். விளையாட்டுக்கு அகலம் அதிகம் தேவையில்லை. இத்தகைய விளையாட்டு அனுப்பிப் பெறும் தரவு வினாடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூட எட்டுவது அரிது. அதற்கு வேண்டியது, ஒரு சிறு செய்தி உங்கள் கணினியிலிருந்து, விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் நேரம் குறைவாக இருப்பதுதான். அந்த நேரத்தைத்தான் பிங் என்கிறோம். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முறையை நினைவில் வைத்து, 1983-இல் மைக் மஸ் என்பவர் தாம் எழுதிய சிறு நிரலுக்கு வைத்த பெயர் அது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். எனவே 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்வரக் குறைந்தது 50 மில்லி வினாடி ஆகியே தீரும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைக் குறைக்க முடியாது.

இனி உங்கள் சுவருக்கு வருவோம். எதிராளியின் திரையில் தெரியும் நீங்கள், சற்று முன் இருந்த நீங்கள். உங்கள் நகர்வு சர்வருக்குப் போய், அங்கிருந்து அவரிடம் சேர்வதற்குள் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு கழிந்திருக்கலாம். அந்தப் பழைய உருவத்தைக் குறிபார்த்து அவர் சுடுகிறார். குண்டு சுடப்பட்ட செய்தி சர்வரை அடைந்ததும், அது காலத்தைச் சற்றே பின்னோக்கிச் சுழற்றி, அவர் விசையை அழுத்திய கணத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று பார்க்கிறது. சுவருக்கு வெளியே தெரிந்திருந்தால், குண்டு பட்டதாகவே தீர்ப்பு. அதற்குள் உங்கள் திரையில் நீங்கள் சுவருக்குப் பின்னால் சென்றிருப்பீர்கள். இருவர் கண்டதும் உண்மையே. இரண்டில் ஒன்றைத்தான் சர்வர் ஏற்க முடியும். சரியாகக் குறிபார்த்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பதைப் பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். என் கருத்தில் அது நியாயமான தேர்வு. இல்லையென்றால் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் முன்னால், அவரவர் பிங்கைக் கணக்கிட்டு வெற்றிடத்தைச் சுட வேண்டியிருக்கும். 1990-களின் நடுப்பகுதியில் அப்படித்தான் விளையாடினார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிங் சோதனையை ஓடவிட்டு, வீட்டில் வேறொருவரைப் பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றச் சொல்லுங்கள். 40-இல் இருந்த எண் 300, 400 என்று ஏறினால், உங்கள் ரவுட்டர் தரவுகளை நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது என்று பொருள். விளையாட்டின் சின்னஞ்சிறு செய்தி அந்த வரிசையின் கடைசியில் காத்து நிற்கிறது. வரிசையை முறைப்படுத்தும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு, அதை இயக்குங்கள். வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள். அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதைக் காட்டிலும் இவை இரண்டும் பயன் தரும்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. மாலையில் மூன்று மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடுகிறான். கூப்பிட்டால் எழுந்து வருவதில்லை. இதை நோய் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். கணினியைப் பிடுங்கிவிடலாமா? (ஒரு தாய்)

பதில்: உறவினர் சொன்னதில் பாதி சரி. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் விளையாட்டுக் கோளாறு என்பது இடம்பெற்றிருக்கிறது; 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த வரையறையில் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. விளையாட்டின் மீதான கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, வாழ்வின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது முன்னால் வந்து நிற்பது, தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பும் உறவும் உடல்நலமும் கண்கூடாகச் சிதைந்து, அந்நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருந்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார். உங்கள் மகன் பள்ளிக்குச் செல்கிறான், உண்கிறான், உறங்குகிறான், நண்பர்களிடம் பேசுகிறான் என்றால், இந்த வரையறை அவனைக் குறிக்கவில்லை. இவற்றில் சில குலைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; கணினியைப் பிடுங்குவது மட்டும் அதற்கு மருந்தாகாது.

கூப்பிட்டால் வராததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவன் விளையாடுவது ஐவர் அணியாக ஆடும் விளையாட்டாக இருந்தால், அதை நடுவில் நிறுத்தி வைக்க வழியே இல்லை. எழுந்து வந்தால் நான்கு பேர் குறைந்த பலத்துடன் தோற்பார்கள். பாதியில் வெளியேறியதற்காக அவனுக்குத் தண்டனைத் தடையும் விழும். "இந்த நிமிடமே வா" என்பதை "இந்த ஆட்டம் முடிந்ததும் வா, அடுத்ததைத் தொடங்காதே" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அது அவனால் நிறைவேற்றக்கூடிய கட்டளை. நிறைவேற்றாவிட்டால் கண்டிக்கும் உரிமையும் உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: யாருடன் விளையாடுகிறாய்? நார்வே நாட்டில் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் 2014-இல் தமது 25-ஆம் வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல், விளையாட்டில் மூழ்கித் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியை எழுதி ஒரு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தார்கள். பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் அவருடன் ஒரே குழுவில் இருந்தவர்கள், அவர் தங்கள் துயரங்களைக் கேட்டதையும், தேற்றியதையும், குடும்பத்தில் முறிந்துபோன பேச்சை மீண்டும் தொடங்க வைத்ததையும் எழுதியிருந்தார்கள். சிலர் நாடு கடந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். மகனின் வாழ்க்கை எவ்வளவு விரிந்தது என்பதைப் பெற்றோர் அன்றுதான் அறிந்தார்கள். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

கேள்வி: குரல் உரையாடலைத் திறந்தாலே வசை. நான் பெண் என்று தெரிந்துவிட்டால் அது இன்னும் மோசமாகிறது. "இணையம் அப்படித்தான், பழகிக்கொள்" என்கிறார்கள். அப்படித்தானா? (மென்பொருள் பணியில் இருப்பவர்)

பதில்: இல்லை. "இணையம் அப்படித்தான்" என்ற வாக்கியத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். எந்தச் செயலுக்கு இடம் கொடுக்கிறோமோ அந்தச் செயலே பெருகும். இடம் கொடுப்பது வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது.

2012-இல் ஜர்னி என்ற விளையாட்டு வெளிவந்தது. பாலைவனத்தில் நடந்து செல்லும் உங்களை, முன்பின் தெரியாத இன்னொருவர் இணையம் வழியாகச் சந்திப்பார். அவர் பெயர் தெரியாது. எழுதவோ பேசவோ முடியாது. ஒரு சிறு இசையொலியை மட்டும் எழுப்பலாம். சோதனைக் கட்டத்தில் ஒருவரையொருவர் தள்ளும் வசதி இருந்தது. நல்லவர்கள் என்று தங்களை நம்பியவர்கள்கூட அடுத்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு மகிழ்ந்தார்கள். வடிவமைப்பாளர்கள் அவர்களுக்கு அறிவுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. உடல்கள் மோதுவதையே நீக்கினார்கள். அருகருகே நின்றால் இருவரின் சால்வையும் ஒளியேறி வலுப்பெறும்படி செய்தார்கள். அதே மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கத் தொடங்கினார்கள். பலர் அந்தப் பெயர் தெரியாத வழித்துணையை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. 1993 வரை யூஸ்நெட் என்ற இணையக் கலந்துரையாடல் அமைப்பில், ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள். சில வாரங்கள் குழப்பம் நிலவும். பழையவர்கள் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும் அமைதி திரும்பும். அந்த ஆண்டு ஒரு பெரிய இணையச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. வருகை நிற்கவே இல்லை. 'முடிவில்லாத செப்டம்பர்' என்று பழையவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய விளையாட்டுகளில் முன்பின் தெரியாத பத்துப் பேரை இயந்திரம் அரைமணி நேரத்துக்குச் சேர்த்துவைத்துப் பிரித்துவிடுகிறது. நாளை மீண்டும் பார்க்கப்போகிறோம் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் மரியாதை வேர்விடுவது கடினம். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: வசைபாடுகிறவரின் குரலை உடனே அடைத்துவிடுங்கள், புகார் கொடுங்கள், அதைவிட முக்கியமாக, ஒரே ஆட்கள் நாள்தோறும் வரும் சிறிய சர்வர் ஒன்றையோ குழு ஒன்றையோ தேடிச் சேருங்கள். புகார்களைப் படிக்க ஆள் வைக்காத நிறுவனத்தின் விளையாட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 'ஜிஜி', 'நூப்', 'ஏஎஃப்கே' என்று எழுதியே இளைஞர்கள் மொழியைக் கெடுத்துவிடுகிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: கெடுக்கவில்லை, ஐயா. சண்டையின் நடுவே விசைப்பலகையிலிருந்து ஒரு கையை எடுத்து எழுத ஒரு வினாடிதான் கிடைக்கும். அந்த நெருக்கடியில் பிறந்த சுருக்கங்கள் இவை. 'நூப்' என்றால் புதியவர், 'ஏஎஃப்கே' என்றால் விசைப்பலகையை விட்டு எழுந்து போயிருக்கிறேன் என்று பொருள். 1982 செப்டம்பர் 19-ஆம் நாள் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதியதை மற்றவர்கள் உண்மை என்று நம்பிவிடாதிருக்க, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். எழுத்தில் முகம் தெரியவில்லையே என்ற குறையைத் தீர்க்க எழுந்த தேவை அது. 'ஜிஜி' என்பதும் அப்படித்தான்: 'நல்ல ஆட்டம்' என்று தோற்றவர் வென்றவருக்குச் சொல்லும் வணக்கம். அதைச் சொல்லாமல் வெளியேறுவதை இன்றும் பலர் நாகரிகக் குறைவாகவே கருதுகிறார்கள். மொழிக்குள் ஒரு மரபு உருவாகியிருக்கிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

கேள்வி: இலவச விளையாட்டு என்று பதிவிறக்கினேன். இப்போது 'லூட் பாக்ஸ்' வாங்காமல் நல்ல பாத்திரம் எதுவும் கிடைப்பதில்லை. இது சூதாட்டம் இல்லையா? (வங்கி ஊழியர்)

பதில்: என் கருத்தில் சூதாட்டம்தான். மூடிய பெட்டி ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாது, கிடைப்பதை நிகழ்தகவு தீர்மானிக்கிறது. வென்ற பொருளைப் பணமாக மாற்ற முடியாது என்பதால் சூதாட்டம் ஆகாது என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. அப்படியென்றால் வெல்லவே முடியாத சூதாட்டம் என்று அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு என்று அறிவித்திருக்கிறார்கள். 100 பெட்டி வாங்கினால் கட்டாயம் கிடைத்துவிடும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் 100 பெட்டி திறந்த பிறகும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. 300 பெட்டி திறந்தவர்களிலும் நூற்றுக்கு ஐவர் வெறுங்கையோடு நிற்பார்கள். நீங்கள் வங்கியில் இருப்பவர். இதைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்வது எளிது. இத்துடன் பணத்தை மறைக்கும் ஏற்பாடும் சேர்கிறது. பெட்டியின் விலை 500 ரத்தினக் கற்கள் என்றால், கற்கள் 400 ஆகவோ 900 ஆகவோதான் விற்கப்படும். வாங்கிய பிறகு எப்போதும் சில கற்கள் மிஞ்சும், அந்த மிச்சம் அடுத்ததை வாங்கச் சொல்லும். எவ்வளவு செலவழித்தோம் என்பதை மனம் பணமாக எண்ணாமல் கற்களாக எண்ணிக்கொண்டிருக்கும்.

அரசுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. சிதறிய அட்டைகளை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பரிசு என்ற முறையை ஜப்பான் 2012-இல் சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. நிகழ்தகவை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் விதித்தது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், தான் ஆராய்ந்த சில புகழ்பெற்ற விளையாட்டுகளின் லூட் பாக்ஸ்கள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக முடிவு செய்தது. ஆனால் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது 2017 நவம்பரில் நடந்ததுதான். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 விளையாட்டில் புகழ்பெற்ற பாத்திரங்களைப் பெற அளவுக்கு மீறி உழைக்க வேண்டியிருந்ததைக் குறித்த புகாருக்கு, நிறுவனம் ரெடிட் தளத்தில் ஒரு விளக்கம் எழுதியது. அந்த விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. விளையாட்டு முழுமையாக வெளியாவதற்கு முந்தைய நாளில் பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு முழுவதையும் நிறுத்திவைத்தார்கள். விளையாடுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து மறுத்தால் நிறுவனம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள், இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் வரை அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? (கணினித் துறை மாணவி)

பதில்: அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது புரிந்துகொள்ளக் கூடியது. குறியைத் தானாகப் பொருத்தும் நிரலும், சுவரை ஊடுருவிக் காட்டும் நிரலும் கெர்னலிலேயே ஒளிந்துகொள்கின்றன. மேல்தளத்தில் இருக்கும் காவலரால் அவற்றைக் காண முடியாது. இருந்தாலும் கெர்னலில் இயங்கும் எந்த மென்பொருளும் உங்கள் கணினியில் உள்ள அனைத்தையும் படிக்கக்கூடியது. அதில் ஒரு பிழை இருந்தால் இயங்குதளமே நிலைகுலையும். நான் கடைப்பிடிப்பது இதுதான்: வங்கிக் கணக்கும் அலுவலகப் பணியும் உள்ள கணினியில் இத்தகைய விளையாட்டை நிறுவுவதில்லை. தனிக் கணினி இல்லையென்றால், கணினி தொடங்கும்போதே இயங்கத் தொடங்கும் காவல் மென்பொருளைவிட, விளையாடும்போது மட்டும் இயங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒரு நாள் திறக்கவே இல்லை. "சர்வர் நிறுத்தப்பட்டது" என்று மட்டும் வந்தது. நான் வாங்கியது என்னுடையது இல்லையா? (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள், எனக்கும் இது சொந்தக் கேள்வி. ஏழு ஆண்டுகள் நான் விளையாடிய ஓர் இணைய உலகம் ஒரு நள்ளிரவில் நிறுத்தப்பட்டது. அன்று இரவு அந்த உலகத்தின் துறைமுகப் படிக்கட்டில் ஏறத்தாழ அறுபது பேர் கூடியிருந்தோம். ஒருவர் கடைசிவரை தூண்டில் போட்டுக்கொண்டே இருந்தார். இன்னொருவர், பல ஆண்டுகள் சேர்த்துவைத்த பொற்காசுகளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார், அவற்றால் இனி வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும். நான் என் குழுத் தலைவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் கடல் உறைந்து நின்றது. தொடர்பு துண்டிக்கப்பட்டதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. அந்தத் தலைவரின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. வேறு எங்கு போய் அவரைத் தேடுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குச் சட்டத்தின் பதில் கசப்பானது: நீங்கள் வாங்கியது விளையாட்டை அன்று, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே, அந்த உரிமத்தைத் திரும்பப் பெறும் அதிகாரம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கு இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், இதை வாங்குகிறவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்பது நியாயமாகிவிடாது.

2014-இல் வெளிவந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுத்தப்பட்டன. அதில் தனியாக ஓட்டி முடிக்கக்கூடிய பகுதி நிறையவே இருந்தது. ஆனால் சர்வரோடு தொடர்பு இல்லாமல் அதுவும் திறக்காது. அந்த நிகழ்வே 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தூண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் முன்வைத்த குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைக் கடந்தது. அவர்கள் கேட்பது, சர்வரை என்றென்றும் நடத்த வேண்டும் என்பதன்று. நடத்துவதற்குச் செலவு ஆகும், ஒரு நாள் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. நிறுத்தும்போது, விளையாட்டை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்கிறார்கள். தனியாக ஓடும்படி ஒரு திருத்தம் வெளியிடலாம். அல்லது சர்வர் மென்பொருளை விளையாடுகிறவர்களிடம் ஒப்படைக்கலாம்.

இது நடக்க முடியாத ஒன்று என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டின் மூல நிரலை அதன் நிறுவனம் 1997-இல் பொதுவில் வைத்தது. இன்றுவரை அது புதிய புதிய கருவிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012 நவம்பரில் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் உலகத்தை ரசிகர்கள் 2019-இல் தங்கள் சர்வரில் மீண்டும் எழுப்பினார்கள். அவர்களில் ஒரு குழுவுக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரே முறைப்படி உரிமம் வழங்கினார். இப்படி மீட்கப்படுபவை மிகச் சில. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காட்டை இன்று சந்தையில் முறைப்படி வாங்க இயலாது என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்து வெளியிட்டது. பழைய புத்தகம் அச்சில் இல்லாவிட்டாலும் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். சர்வரில் மட்டுமே உயிர் வாழ்ந்த விளையாட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இணையத்தைத் துண்டித்தால் இது திறக்குமா, அல்லது சர்வரை நாமே நடத்த முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால், நீங்கள் கொடுப்பது வாடகை என்று எண்ணிக்கொண்டு அதற்கேற்ற தொகையை மட்டும் செலவிடுங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டுகளில் ஆய்வுக்கு உரிய பொருள் ஏதேனும் உண்டா? (முதுநிலை மாணவர்)

பதில்: நிறைய உண்டு. 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் புதிய எதிரி ஒன்றைச் சேர்த்தார்கள். அவன் போராளிகள் மீது ஒரு நோயை ஏவுவான். அருகில் நிற்பவருக்கும் அது தொற்றும். போர்க்களத்தோடு முடிந்துவிட வேண்டிய நோய் அது. ஆனால் வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் நோயோடு திருப்பி அனுப்பப்பட்டு, நகரத்தில் மீண்டும் அழைக்கப்பட்டபோது, அங்கே அது வெடித்துப் பரவியது. நகரத்துக் கடைக்காரர்களாக நின்ற கணினிப் பாத்திரங்கள் சாகாமலேயே நோயைப் பரப்பினார்கள். வலுக்குறைந்த வீரர்கள் அங்கேயே விழுந்து மடிந்தார்கள். சிலர் குணப்படுத்த ஓடிவந்தார்கள், சிலர் நகரத்தைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துகொண்டு மக்கள் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். நிறுவனம் தனிமைப்படுத்தச் சொன்னது பலிக்கவில்லை. கடைசியில் சர்வர்களை மறுதொடக்கம் செய்து, விதியையே மாற்ற வேண்டியிருந்தது. தொற்றுநோய் ஆய்வாளர்கள் 2007-இல் இதை மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்கள். அவர்களை ஈர்த்தது கணக்கு மாதிரிகளில் எளிதில் அடங்காத மனித நடத்தை: ஆபத்து என்று தெரிந்தும் வேடிக்கை பார்க்க வந்து, தொற்றிக்கொண்டு திரும்பியவர்கள். உங்கள் துறை சமூகவியலாக இருந்தாலும் பொருளியலாக இருந்தாலும் இப்படிப்பட்ட நிகழ்வுகள் காத்திருக்கின்றன.

கேள்வி: விளையாடுவதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. அடுத்தவர் விளையாடுவதை மணிக்கணக்கில் ஏன் பார்க்கிறார்கள்?

பதில்: சதுரங்கத்தையும் கால்பந்தையும் பார்ப்பது போலத்தான், ஆடுகிறவரின் திறமையும், கூடவே உட்கார்ந்து பார்க்கும் கூட்டமும் சேர்ந்து தரும் இன்பம் அது. 2014 பிப்ரவரியில், விளையாடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தில் பார்வையாளர்கள் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கட்டளைகளை எழுதி, ஒரே ஒரு போக்கிமான் பாத்திரத்தை நகர்த்தினார்கள். வலப்பக்கம் போ என்று ஒருவர், இடப்பக்கம் போ என்று இன்னொருவர். ஒரு சிறு விளிம்பைக் கடக்கவே மணிக்கணக்கில் ஆனது. 16 நாட்களில் விளையாட்டை முடித்தே விட்டார்கள்.

கேள்வி: எனக்கு வயது 67. பேரன் வெளிநாட்டில் இருக்கிறான்; தொலைபேசியில் பேச்சு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அவனோடு விளையாட ஆசை. எதில் தொடங்குவது? (ஒரு தாத்தா)

பதில்: மைன்கிராஃப்டில் தொடங்குங்கள், ஐயா. விரைந்து சுட வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், வயலில் கோதுமை விதைக்கலாம். அமைதி நிலையில் வைத்தால் அரக்கர்கள் வரமாட்டார்கள். வாங்குவதற்கு முன், பேரன் வைத்திருப்பது ஜாவா பதிப்பா, பெட்ராக் பதிப்பா என்று கேட்டு, அதையே நீங்களும் வாங்குங்கள். இரண்டு பதிப்புக்காரர்களும் நேரடியாக ஒன்றுசேர முடியாது. விசைகள் கைக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். பேரனையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்குச் சொல்லித்தரும் வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடமாட்டான். அந்த இரண்டு நிமிடப் பேச்சு எங்கே போயிற்று என்றே தெரியாது.

இந்த விளையாட்டை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜாவா பதிப்பாக இருந்தால், நீங்கள் இருவரும் கட்டும் உலகம் உங்கள் கணினியிலேயே ஒரு கோப்புறையாக இருக்கும். அதைத் திறந்துவிடும் சர்வர் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள்.